என் பெயரில் ஓடிய வண்டி

1

டெனிஸ் கார் பார்க்கிங்கில் மண்டி போட்டு உட்கார்ந்து தன் காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய திருகாணிகளை வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. மூன்று வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து அடம்பிடித்தது.

“இதை எதுக்குக் கழட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“கார் உன்னோடது. நம்பர் என்னோடது” என்றார், திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம்மிடம் ஒரு வண்டி எந்த நம்பரோடு ரோட்டுக்கு வருகிறதோ அதே நம்பரோடுதான் இரும்புக்கடைக்குப் போகிறது. நடுவில் எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. அமெரிக்காவில் நான் இருக்கிற ஒகாயோ மாநிலத்தில் நம்பர் ஆளுக்கு. காரை விற்றால் பிளேட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாங்கினவர் அவர் பெயரில் வேறு நம்பர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது என் முதல் கார். இங்கே வந்து மூன்று வருடமாக ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வருகிற பஸ்ஸை நம்பி, பனியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று வேலைக்குப் போனவள் நான். தண்ணீரைச் சோதிக்கிற ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. துணி துவைக்கப் போகிற இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் டெனிஸைப் பிடித்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கார் அவருடைய மகள் ஓட்டியது. மகள் மேற்குக் கடற்கரைப் பக்கம் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். “கார் வேணுமான்னு கேட்டு நாலு தடவை மெசேஜ் போட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் ஒண்ணு வந்துச்சு. அதுக்கு வேணும்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமா?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அட்டையைப் பார்த்த அன்றே போன் செய்து, அன்றே போய் ஓட்டிப் பார்த்து, அன்றே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படித்தான். எதையும் ஊறப்போட்டு யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் முந்தின நாள் அவர் வீட்டுச் சமையல்கட்டு மேஜையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. இங்கே கார் யாருக்குச் சொந்தம் என்று காட்டுவது டைட்டில் என்கிற ஒற்றைத்தாள். நம்ம ஊர் ஆர்.சி. புத்தகமும் கிரையப் பத்திரமும் சேர்ந்த மாதிரி. அதன் பின்பக்கத்தில் விற்கிறவர் வாங்குகிறவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டெனிஸ் பேனாவை எடுத்தார். நான் ரொம்பப் பெரிய மனசோடு சொன்னேன்:

“நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. பேர் எழுதுற இடத்தை அப்படியே விட்டுருங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன். உங்களுக்கு எதுக்கு ஆபீசுக்கு அலைச்சல்?”

அவர் பேனாவை மூடினார். தாளை எடுத்து உறைக்குள் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

“நீ யாரு? கார் வாங்கி விக்கிற ஆளா?”

“இல்லையே!”

“அப்புறம் ஏன் பேர் எழுத வேண்டாங்கிற? நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போறோம். என் கண்ணு முன்னாடி பேர் மாறணும்.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் பக்கத்தில் நம்பிக்கையின் உச்சம். இங்கே அதற்குப் பெயர் மோசடி என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலாவது திருகாணியும் வந்தது. ஆபீசுக்குள் போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். என் உம்மென்ற மூஞ்சியைப் பார்த்தோ என்னவோ, டெனிஸே பேச்சை எடுத்தார்.

“தப்பா நினைக்காதே. பேர் மாறாம நீ ஓட்டிட்டுப் போய் யாரையாவது இடிச்சா என் வீட்டுக் கதவைத்தான் வந்து தட்டுவாங்க.”

நான் இளித்து வைத்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து டோக்கன். அப்போதுதான் அப்பாவிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவர் கூப்பிட மாட்டார். இது திங்கட்கிழமை. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ராத்திரி மணி ஏழரை, அவர் கடை அடைக்கிற நேரம்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அப்பாவைக் கூப்பிடுகிற ‘நாயனா’வைத் தவிர மற்றதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“பாப்பா, உன் வண்டி ஒரு பொம்பளைய இடிச்சிருச்சாம்.”

“என்ன நாயனா சொல்றீங்க? வண்டி இன்னும் என் கைக்கே வரல. இப்பத்தான் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்.”

“அந்த வண்டி இல்ல. ஸ்கூட்டரு.”

2

ஸ்கூட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விசா வந்ததும் பத்து நாளில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. காலேஜ் காலத்தில் வாங்கிய ஸ்கூட்டர் வாசலில் நின்றது. “எனக்குக் குடுடி” என்றாள் மாரி.

மாரீஸ்வரி திருச்சுழி ரோட்டில் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்துப் பெண். சம்சாரி வீடு, பருத்தியும் மக்காச்சோளமும் வானம் பார்த்துப் போடுகிறவர்கள். காலேஜுக்கு நாலு வருடமும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் ஊரில் ஏறுகிறபோதே எனக்கு சீட்டுப் போட்டு வைப்பாள். பாளையம்பட்டியில் நான் ஏறுகிற வரைக்கும் அந்த இடத்துக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாள் தெரியுமா? “ஆள் வருது, ஆள் வருது” என்று அவள் கத்துகிறது படிக்கட்டு வரைக்கும் கேட்கும். நான் கிளம்பியபோது மதுரை ஏர்போர்ட் வரைக்கும் வந்த ஒரே சிநேகிதியும் அவள்தான். இப்போது மல்லாங்கிணறு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர்.

என் அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை. ஃபாரம் விற்பார், நிரப்பிக் கொடுப்பார். வண்டி விற்றால் இருபத்தொன்பதாம் நம்பர் ஃபாரமும் முப்பதாம் நம்பர் ஃபாரமும் வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுக் கொடுத்தார். ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே வைத்து ஒவ்வொரு கோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். தேதி போடவில்லை. வாங்குகிறவர் பெயர் எழுதவில்லை. மாரி அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டாள். விற்பனை முடிந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது இப்படி ஒரு வண்டி வைத்திருப்பீர்கள், அல்லது விற்றிருப்பீர்கள். நம் பக்கத்தில் தெரியாத ஆளிடம் விற்றால்தான் “பேரை மாத்திரணும்யா” என்று சொல்லி ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். தெரிந்தவரிடம் அதைக் கேட்பது, விருந்துக்கு வந்தவரைக் கிளம்புகிறபோது பையைத் திறந்து காட்டச் சொல்கிற மாதிரி. கடைக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் “பேர மாத்திருங்கய்யா, பின்னாடி வம்பு” என்று சொல்கிற அப்பாவே, “மாரிதான, நம்ம பிள்ள. நேரம் கெடைக்கறப்ப மாத்திக்கிடும்” என்றார்.

மாரிக்கு நேரம் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனது. நான் இங்கே பனியைப் பார்த்தேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, என் பெயரில்.

3

டைட்டில் ஆபீசில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் டெனிஸை வலது கையைத் தூக்கச் சொன்னார். தாளில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார். டெனிஸ் கையைத் தூக்கினார். அடுத்தது என் முறை. ஒரு பழைய காருக்காகக் கோர்ட்டில் நிற்கிற மாதிரி கையைத் தூக்கி, சரி என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “கொஞ்சம் சத்தமா” என்றார் அந்தப் பெண்.

புதுத்தாள் அச்சாகி வந்தது. அதில் என் பெயர். வாழ்த்துகள் என்றார்கள். டெனிஸ் கூடுதல் சாவியை என் கையில் வைத்து, குளிர்காலத்தில் பேட்டரியைப் பார்த்துக்கொள் என்றார். பக்கத்து ஆபீசில் தற்காலிக நம்பர் எழுதின தாளை வாங்கி ஒட்டினேன். இந்தத் தருணத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவள், காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாவி போடாமல், மாரிக்குப் போன் அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அப்பா சொல்லிட்டாகளா?”

“சொன்னாரு. யாருடி ஓட்டுனது?”

“அவுகதான்.”

அவுக என்றால் அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி. லோடு வண்டி ஓட்டுகிறவர். கல்யாணத்தில் வீடியோவில் பார்த்திருக்கிறேன். மாலையோடு நின்றுகொண்டு எனக்குக் கும்பிடு போட்டார்.

முந்தின நாள் மத்தியானம், திருச்சுழி ரோட்டில் ஒரு வளைவு. சீமைக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து தலையில் விறகுக்கட்டோடு ஒரு அம்மா ரோட்டுக்கு ஏறியிருக்கிறார். கருப்பசாமி பிரேக் பிடித்தார்; நிற்கவில்லை. பின்னாலிருந்து இடித்து அந்த அம்மா விழுந்தார். ரோட்டில் யாரும் இல்லை. கருப்பசாமியே தூக்கி, வந்த ஒரு ஆட்டோவை மறித்து, அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “இடிச்சவன் வண்டியப் போட்டுட்டு ஓடிட்டான். நான் வழியில பாத்துத் தூக்கிட்டு வந்தேன்” என்று சொல்லி, ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் போலீஸ் வண்டியை எடுத்துப் போனது. நம்பரைப் போட்டுப் பார்த்தால் என் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும்.

“அந்தம்மா எப்படி இருக்காங்க?”

“இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்காம்.” உடனே அடுத்ததுக்குத் தாவினாள். “ஏய், அவுகளுக்கு கவர்மெண்டு பஸ்ஸுக்கு டிரைவர் வேல வந்திருக்குடி. எல்லாம் முடிஞ்சிருச்சு, ஆர்டர் மட்டும் வரணும். இப்ப ஆக்சிடெண்டு கேசுன்னு வந்தா டிரைவர் வேல குடுப்பானா? நீயே சொல்லு.”

“நான் என்னடி செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். வித்துட்டேன், யாருக்குன்னு ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. உனக்கு என்னடி, நீ அங்க இருக்க. அங்க வந்தா ஒன்னப் பிடிக்கப் போறாக?”

“இன்சூரன்ஸ் இருக்குல்ல?”

“கட்டல. மறந்துட்டோம்.”

போனை வைத்த பிறகும் அந்த ஒரு வரி காதை விட்டுப் போகவில்லை. நீ அங்க இருக்க. வெளிநாட்டுக்கு வந்தவர்களைப் பற்றி ஊரில் என்னென்னவோ நினைப்பார்கள் என்று தெரியும். காசு காய்க்கிறது என்று நினைப்பார்கள், இங்கிலீஷில்தான் கனவு காண்கிறோம் என்று நினைப்பார்கள். இப்படி ஒரு நினைப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது: ஊரில் நடக்கிற எதுவும் எட்டாத ஒரு மறைவிடத்தில் நாங்கள் இருக்கிறோம் என்று. அதைவிட மோசம், ஒரு நிமிஷம் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது.

4

அப்பாவுக்கு எதுவும் எட்டாமல் இருக்க முடியாதே. அவருடைய கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருக்கிறது. ஏட்டையா தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்.

முதல் நாள் வந்தவர் நோட்டீஸ் கொடுத்தார். வண்டி யார் வசம் இருந்தது, யார் ஓட்டியது என்று ஓனர் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தடவை வந்தவர் டீ வாங்கிக் குடித்துவிட்டு, “மக வெளிநாட்டுல. வண்டி விலாசம் ஒம்ம வீடு. அப்ப நீருதான் ஓட்டினீரு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். மூன்றாம் தடவை சிரிக்கவில்லையாம்.

அப்பா மாரி வீட்டுக்குப் போனார், நான் கையெழுத்துப் போட்ட அந்த ஃபாரங்களை வாங்கி வர. தாள் இருந்தால் இன்னாருக்கு விற்றோம் என்று காட்டலாமே. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“அடுப்புல போட்டுட்டேன்ப்பான்னு சொல்றா. சொல்லிட்டு அழுகிறா. அழுதுக்கிட்டே எனக்குக் காபி போடுறா. நான் குடிச்சுட்டு வாரேன்.”

“ஏன் நாயனா குடிச்சீங்க?” என்று கத்தினேன்.

“போட்டுட்டாளே, பாப்பா.”

கடைக்கு எதிரே உட்காருகிற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டதில், தாள் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டார். பெயர் மாறாத வரைக்கும் சட்டத்துக்கு முன்னால் நான்தான் ஓனர். அந்த அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஓட்டினது யாரென்றே தெரியாத கேசு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அந்த அம்மா என்ன ஆவாரோ.

நான் மாரியிடம் மறுபடி பேசினேன். கோபப்படக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

“ஓனரா நான் நிக்கிறேன் மாரி. கோர்ட்டு என்ன சொல்லுதோ அதை நான் பாத்துக்கிறேன், நீ ஒண்ணும் தர வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல போய் ஓட்டுனது யாருன்னு மட்டும் சொல்லிருங்க. ஆஸ்பத்திரியில சேத்ததும் அவருதான்னு சொல்லுங்க. அது அவருக்கு நல்லதுதானடி?”

“ஒனக்கு எல்லாம் டக்கு டக்குன்னு முடியணும். அங்க போனப்பவும் அப்படித்தான் போன.”

“அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?”

“பஸ்ஸுல ஒனக்கு எடம் போட்டு வச்சேன். நீ எறங்கிப் போயிட்ட. நான் அதே பஸ்ஸுலதான் இருக்கேன். அவுகளுக்கு இந்த வேல கெடச்சாத்தான் நானும் எறங்குவேன். இப்ப வந்து நாயம் பேசுறியே, ஒனக்கு நல்லாருக்கா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தால் தெலுங்கும் தமிழும் ஆபீஸ் இங்கிலீஷும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. அன்றைக்கு வேலையில் சோதனைக்கு வந்த தண்ணீர்க் குப்பிகளில் ஒட்ட வேண்டிய சீட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிவைத்து, மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன்.

புதுக் காரை வேலைக்கு எடுத்துப் போனேன், வந்தேன். வேறு எங்கும் ஓட்டவில்லை. ஆள் நடக்கிற கோட்டுக்கு முன்னால், யாரும் இல்லாவிட்டாலும், நிறுத்தினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை பேசுகிற மாதிரி. நான் அசையவில்லை.

ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதினேன். வண்டி என்னுடையது. விற்றது உண்மை, பெயர் மாற்றாதது என் தப்பு. இதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஓட்டியவர் பெயர் என்கிற இடத்தில் பேனா நின்றது. நாலு நாள் நின்றது.

ஐந்தாம் நாள் அப்பா சொன்னார்: “நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நானே ஓட்டினேன்னு சொல்லிருதேன்.”

“என்னது?”

“எனக்கு என்ன வேலையா போகப் போகுது? லைசென்சு இருக்கு. கடை வச்சிருக்கிறவனுக்கு கேசு வந்தா என்ன? அந்தப் பையனுக்கு வேல கெடைக்கட்டும். மாரிக்கும் நிம்மதி. உனக்கும் அவ பேரச் சொன்னோமேன்னு இருக்காது.”

“உங்களுக்கு இருக்குமே நாயனா.”

“எனக்கு இருந்தா இருந்துட்டுப் போகுது.” அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “நீயும் ரெண்டு வருஷம் ஊருப்பக்கம் வராத. ஆறிப் போயிரும்” என்றார்.

வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். கோபித்தேன். அழுதேன். “கடைக்கு ஆள் வந்துருச்சு” என்று போனை வைத்துவிட்டார். அப்பா அப்படி வைத்துவிட்டால் முடிவு மாறவில்லை என்று அர்த்தம்.

5

மாரி இப்போது என்னோடு பேசுவதில்லை. ஊரில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரி ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்கிறார்கள். கடிதம் போனது உண்மைதான். அதற்கு முன்னால் ஒரு போன் வந்தது. அதை யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அப்பா வீடியோவில் வந்தார். அங்கே சாயங்காலம் ஐந்து மணி, ஆஸ்பத்திரியில் ஆட்களை உள்ளே விடுகிற நேரம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் வரிசையாகக் கட்டில்கள் தெரிந்தன.

“எங்க நாயனா நிக்கிறீங்க?”

“அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்புறம் ஸ்டேஷனுக்குப் போறேன். போலீசு சொல்லி அவுகளுக்குத் தெரியக் கூடாது. நீயும் ஒரு வார்த்த பேசு.”

நான் வாயைத் திறப்பதற்குள் போன் திரும்பிவிட்டது. கட்டிலில் ஒரு அம்மா. பெயர் பேச்சியம்மாள் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். கரிமூட்டம் போடுகிற இடத்தில் கூலிவேலை. கருவேல முள் கிழித்த கோடுகள் முழங்கை வரைக்கும் இருந்தன. போனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“இது யாரு?”

“எம் மகம்மா. வெளிநாட்டுல இருக்கு. வண்டி அது பேர்லதான் இருக்கு” என்றார் அப்பா, தமிழில். தமிழ் பேசும்போது அவர் குரலில் எப்போதும் ஒரு கடைக்காரர் வந்துவிடுவார். அன்றைக்கு வரவில்லை.

“வண்டி உன்னுதா தாயி?”

“ஆமாம்மா. என்னுதுதான்.”

“அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்து இடிச்ச?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்ததும் இடுப்பு வலித்து முகம் கோணியது. எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். இந்தச் சொல்லை நான் இங்கிலீஷில்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன், கதவில் இடித்துக்கொண்டால்கூட. தமிழில் அது நாக்கைவிட்டு வரவில்லை.

“அழுகாத. நான் என்ன செத்தா போனேன்?” என்றார். “பின்னாடி இருந்து என்னமோ இடிச்சுச்சு. அம்புட்டுதேன் தெரியும். முழிச்சுப் பாத்தா ஒரு தம்பி மடியில தல கெடக்கு. துண்ட நனச்சு மூஞ்சியத் தொடச்சு விடுறான். ஆட்டோக்காரன் ரத்தம் படும், ஏத்த மாட்டேங்கிறான். இந்தத் தம்பி அவன் சட்டையப் பிடிச்சுட்டான். வழி பூரா ‘ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்லத்தா’ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். அவன்தான் அழுதான், நான் அழுகல.”

அப்பா அசையாமல் நிற்பது போனின் ஓரத்தில் தெரிந்த வெள்ளைச் சட்டையில் தெரிந்தது.

“பெறகு ஆளையே காணோம். இங்க கேட்டா யாருக்கும் தெரியல. எழுதிக் குடுத்த பேர்ல அப்படி ஒரு ஆளே இல்லையாம்” என்றார் பேச்சியம்மாள். “இடிச்ச பயல நீங்க கண்டுபிடிங்க, பிடிக்காமப் போங்க. அந்தத் தம்பி யாருன்னு மட்டும் தெரிஞ்சாச் சொல்லு தாயி. எம் மகன் திருப்பூருல இருக்கான். வந்தா கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும்.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“அம்மா, அன்னிக்கு அந்த வண்டிய ஓட்டுனது...”

“நாயனா, நிறுத்துங்க.”

தெலுங்கில்தான் சொன்னேன். நான் அவரிடம் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. அவர் நிறுத்திவிட்டார்.

அந்த இடத்தில் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது என்று சொன்னால் பொய். மாரியின் ஞாபகமும் வந்தது, அவள் போட்டு வைத்த சீட்டின் ஞாபகமும் வந்தது. அந்த அம்மா ஒரு பெயரைக் கேட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா ஒரு பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அவர் பேர் எனக்குத் தெரியும்மா” என்றேன். “கருப்பசாமி. உங்க ஊருக்கு அடுத்த ஊர்தான்.”

“கருப்பசாமி” என்று பேச்சியம்மாள் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இடிச்சதும் அவர்தான்மா. வண்டியை ஓட்டிட்டு வந்தது அவர்தான். வேற யாரும் இல்ல.”

வார்டில் எங்கோ ஒரு தட்டு விழுந்தது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். நிஜமா என்று கேட்கிற பார்வை. அப்பா தலையை அசைத்திருக்க வேண்டும். போன் லேசாக ஆடியது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். சாபம் விட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முழங்கையில் இருந்த முள் கீறல் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, தாயி” என்றார் கடைசியில். “அவன் ஓடியிருக்கலாம்ல?”